வலது விரல்களின் கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

லண்டனில் நான் நலம். உங்கள் இருமல் தேவலையா?

நீங்கள் தீவிலிருந்து இங்கே வந்திருந்தபோது, விருந்தாளிகளை விடாத எங்கள் ஆய்வக வழக்கப்படி உங்களையும் மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து விரல்களை அசைக்கச் சொன்னேனே? விரல் அசைந்தால் சில நொடிகளில் மூளையில் ரத்தம் கூடும். அதைத்தான் என் சமன்பாடு கணிக்கிறது. உங்கள் வலது விரல்களுக்கு மட்டும் அது பொருந்தவேயில்லை. நானும் சமன்பாட்டையே திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்று பேராசிரியர் ரோவீனா பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு, எய்லி. ரத்தம்தான் லேட்டா வருது. வலது கையை இயக்குற மூளைப் பக்கத்துக்குப் போற கழுத்து ரத்தக் குழாய் அடைச்சிருக்கலாம், அந்தக் கை விழுந்துடறதுக்கு முன்னாடி அப்பாவை உடனே டாக்டர்ட்ட போகச் சொல்லு" என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை. போனை ஏன் எடுக்கவில்லை? இதை ஃபின்லே மாமாவுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அவரோடு அடுத்த படகிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கெஞ்சுகிறேன். கிளம்புமுன் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அவர் படமெடுத்து அனுப்பட்டும்.

வலது கையால் எழுதுங்கள், அப்பா.

எய்லி