உன் மேட்டில் நின்ற துத்தி

தம்பிக்குப் பெண்டாட்டியாக வந்து எனக்குத் தங்கையாகிப்போன சிவகாமிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நைனார்பாளையத்தில் இந்த வருஷமும் பருத்தி போட்டிருக்கிறார்கள். களை எடுக்கப் போகிறேன். பக்கத்து உழவுச் சாலில் யார் உட்கார்ந்திருந்தாலும் நீ என்றே நினைத்து எதையாவது பேசிவிட்டு அசடு வழிகிறேன்.

உன் துத்திப் பைத்தியம் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. எல்லாக் களையையும் பிடுங்குவாய், வரப்போரம் ஒரு துத்தியை மட்டும் விட்டுவைப்பாய். நிலத்துக்காரர் கத்தினால், "ஒத்தச் செடி நின்னா இன்னாங்க? உங்க பருத்திக்கு ஒண்ணுவுட்ட தங்கச்சிங்க அது" என்று அவரையே சிரிக்க வைப்பாய். சாயங்காலம் நாம் வேலை முடிந்து கரையேறும் நேரத்துக்குத்தான் அந்த மஞ்சள் பூ விரியும். எனக்கும் ஒன்று பறித்துத் தலையில் செருகுவாய். நான் முறைப்பேன். ஏனடி முறைத்தேன்? ஆசையாகத்தானே இருந்தது.

இப்போது நான் செய்ததைக் கேள். போன வாரம் வேலை முடிந்து வரும்போது ஓடைக்கரையில் உன்னைப் புதைத்த மேட்டுக்குப் போனேன். ஒரே புல். முப்பது வருஷம் களை எடுத்த கை சும்மா இருக்குமா? அழுதுகொண்டே மொத்தத்தையும் பிடுங்கி எறிந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், எறிந்ததில் ஒரு துத்தி. அது இருந்த இடத்தைச் சுற்றி மண் அணைத்திருந்தது. பக்கத்தில் உன் மகள் செல்வியின் தண்ணீர் பாட்டில். வெள்ளிமலையில் வேலை பார்க்கிறவள் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வருவது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

திரும்ப நட்டேன். பிழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வி முகம் வாடி வந்தாள். "அத்தே, அம்மா செடிய யாரோ புடுங்கிட்டாங்க."

"ஆடு மேஞ்சிருக்கும்டி."

"ஆடு வேரோடயா அத்தே புடுங்கும்?"

அதற்குமேல் பொய் வரவில்லை. "நான்தாண்டி கண்ணு. கை தன்னால போயிடுச்சி" என்றேன். இந்தப் பெண் இனி என் வீட்டுப் படியேற மாட்டாள் என்று பயந்துபோனேன்.

"அம்மாவா இருந்தா இன்னேரம் உன்கிட்ட மல்லுக்கு நின்னுகினு இருக்கும். எனக்குச் சண்ட போட வரல அத்தே" என்று என் மடியில் விழுந்து அழுதாள். நீ போன அன்றுகூட அழாத பெண்.

இருவருமாக மறுபடி விதை போட்டிருக்கிறோம். முளைக்குமோ, என்னவோ. ஆனால் ஒன்று சத்தியம். என்னோடு சண்டை போட உன் மகளுக்குத் தைரியம் வரும்வரை நான் சாகமாட்டேன். அப்புறம் அங்கே வந்து உன்னிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

உன் நாத்தனார்,
அஞ்சலை