பேச்சுப் பயிற்சிக்கு எழுதி வாங்கியது

செவ்வாய், இரவு.

பக்கவாதத்தில் பேச்சுப் போன என் கணவரை இன்று தேனி ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் சொன்ன தொகைக்கு இரண்டு மடங்காகப் பில் போட்டிருந்தார்கள். முன்னால் சொல்லவில்லையே என்றதற்குக் கவுன்டர் பெண், "எல்லாரும் கட்டிட்டுத்தான் போறாக" என்றாள்.

நான் நகரவில்லை. "எதுக்கு எவ்வளவு, இன்னும் எத்தனை தடவை வரணும்னு எழுதிக் குடுங்க. அதைக் கேக்க எனக்கு உரிமை இருக்கு" என்றேன். மேலாளர் வந்து பார்த்து, சொல்லாமல் சேர்த்த தொகையைப் பில்லில் அடித்து நீக்கினார். இருபது வகுப்புக்கான செலவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பயிற்சி தரும் பெண்ணிடம், "இருபது முடிஞ்சா பேசிருவாகளா?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் எழுதித் தர முடியாதுக்கா" என்றாள். பொய் சொல்லாத அவளை எனக்குப் பிடித்துப்போனது.

சின்னமனூர் தாண்டும்வரை பஸ்ஸில் அவர் என் கையை விடவில்லை. முன்பென்றால் நான் போட்ட சண்டையைச் சொல்லிச் சொல்லியே வீடு வரை சிரித்திருப்பார். இப்போது வீட்டில் என் பக்கத்தில் தூங்குகிறார். எழுப்பிவிடலாமா என்று பார்க்கிறேன். ஒரே ஒரு தடவை "அடியே வாயாடி" என்று கூப்பிட மாட்டாரா என்றிருக்கிறது.