மூடியின் மேல் ஒரு கறிவேப்பிலை

அக்கா,

விரலில் இன்னும் கறிவேப்பிலை வாசனை இருக்கிறது. அம்மா பக்கத்தில் தூங்குகிறார். போன் வெளிச்சம் அவர் முகத்தில் படாமல் போர்வைக்குள் வைத்துக் கொப்பியில் எழுதுகிறேன். கை வலியில் எழுத்து சாய்ந்து போகிறது.

அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது, இனிப் பெரிய சட்டி தூக்க முடியாது. சமையல் வேலை போனால் தியான நிலையம் தந்த இந்த அறையும் போய்விடும். அதனால் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திச் சமையலுக்குச் சேர்த்துவிடுவதாக, விடிந்ததும் பொறுப்பாளர் ஐயாவிடம் சொல்லப் போகிறார். நான் இன்னும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைகூட எழுதவில்லை. அம்மா என்னைக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

போன ஆகஸ்ட் விடுமுறையில் நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து முதுகில் ஒரு பையோடு எங்கள் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தீர்கள். தங்க இடமும் சாப்பாடும் தந்தால் சமையலில் உதவுகிறேன் என்று எங்கள் குசினி வாசலில் நின்றீர்கள். அம்மா உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு தேங்கா துருவுமா?"

"துருவுவேங்க. விரலோட சேர்த்து."

அம்மா சிரித்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

குசினிக்கும் தியான மண்டபத்துக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். உள்ளே மணி அடித்தால் நாமும் பேசக்கூடாது. ஒரு நாள் மணி அடித்த பிறகு பூசணிக்காய்க் கறியில் நான் உப்புப் போட்டேன். தெரியாமல் நீங்களும் போட்டீர்கள். விறகு தள்ளிவிட்டு வந்த அம்மாவும் போட்டார். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு தியானத்துக்கு வந்தவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பதால், ருசி பார்க்காமலே அவசரமாக இறக்கிவிட்டோம். மௌன விரதத்தில் இருந்தவர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். தண்ணீர்ப் பானை காலியானபோதுதான் நமக்கு விளங்கியது.

தண்ணீர் கொட்டும் பீலியடியில் தட்டுக் கழுவும்போது நீங்கள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டீர்கள். "நானும் சொல்லல, நீயும் சொல்லல, அம்மாவும் சொல்லல. பாவம் அந்தப் பூசணிக்கா."

"சிரிக்காதீங்க புள்ள," என்றார் அம்மா. "ஐயா ரெண்டாவது தடவயும் வாங்கித் தின்னாரு."

அதன்பிறகு நீங்கள் ஒரு வழக்கம் வைத்தீர்கள். உப்புப் போட்டவர் சட்டி மூடியின் மேல் ஒரு கறிவேப்பிலை இணுக்கு வைக்க வேண்டும். முடிந்தது, இனி யாரும் கை வைக்காதீர்கள் என்று அர்த்தம்.

டீச்சராக வேண்டும் என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

"அம்மாகிட்ட சொன்னியாடி?"

"இல்ல."

"அப்ப இதுவும் பூசணிக்கா கறிதான்."

பிறகு பலாபத்வலையில் யாழ்ப்பாண பஸ் ஏறிப் போனீர்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் எங்களுக்குப் போன் எடுத்தீர்கள். போன மாதம் அதே நம்பரிலிருந்து உங்கள் தம்பி பேசினார். உங்களுக்குக் காய்ச்சலாம், ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். அன்று அம்மா கறியில் உப்பே போடவில்லை. மூடியில் இணுக்கு இல்லாததைப் பார்த்தும் நான் போடவில்லை.

இந்த விடுமுறை முழுவதும் சட்டிகளை நான்தான் தூக்குகிறேன். அடுத்த விடுமுறையிலும் தூக்குவேன். பள்ளிக்கூட நாளுக்கு ஐயாவிடம் வேறு ஆள் கேளுங்கள் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது அக்கா. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே நான் சரி என்று தலையாட்டிவிடுவேன்.

அதனால்தான் சற்று முன் இருட்டில் போய் ஓர் இணுக்குப் பறித்து வந்தேன். பள்ளிக்கூடப் பையைக் கதவோரம் வைத்து, அதன் மேல் வைத்திருக்கிறேன். லைட் போட்டதும் அம்மா கண்ணில் முதலில் அதுதான் படும். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

அவர் திரும்பி என்னைப் பார்க்கும்போது, மிச்சத்தை நான் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை கை கழுவப் போவதில்லை.