தெற்கே பார்த்த மாடி

காஞ்சிபுரம்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் குமரகுருவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பெர்த்தில் நீயும் காயத்ரியும் அதேபோல் இருக்க காமாட்சி பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுவேன், நம் இரண்டு பேருக்கும் அது பழக்கம்தானே. அதனால்தான் மத்தியானம் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு மாடியில் நிழல் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

முகூர்த்தக் கூட்டம் நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் எண்ணெய் தேய்க்கச் சொன்னால் சின்னப் பிள்ளை மாதிரி ஒளிகிறார். சோலார் வேலை ஒருவழியாக முடிந்தது. அதில் நான் போட்ட சண்டையை நீ கேட்க வேண்டும். தகட்டை எந்தப் பக்கம் பார்த்து வைக்க என்று உன்னைக் கேட்டதற்கு, வடக்கேதாம்மா, நாங்க வடக்குப் பக்கம்தான் போட்டிருக்கோம் என்று சொல்லி, உங்கள் ஓட்டுக் கூரையைப் படமும் எடுத்து அனுப்பினாயே, அது எனக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷம் வடக்கு ஜன்னலில் புடவையைப் பிரித்துக் காட்டித்தானே வியாபாரம் செய்தேன். நேர் வெயிலில் அரக்கும் குங்குமச் சிவப்பும் ஒன்றுபோலப் பல்லைக் காட்டும், வடக்கு வெளிச்சம்தான் நிறத்தை நிறமாகக் காட்டும். தகடு பதிக்க வந்த ஜீவிதா என்கிற பெண்ணிடம் வடக்கே வை, வேறு பேச்சே வேண்டாம் என்றேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஏம்மா, புடவைக்கு மெத்துன்னு வெளிச்சம் வேணும், தகட்டுக்கு வெயில் மூஞ்சியில அடிக்கணும், ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கினு நிக்கறீங்களே என்று கேட்டாள். என் பிள்ளை வெளிநாட்டிலிருந்து சொன்னான் என்றேன். எந்த ஊரு என்றாள். ஆஸ்திரேலியா என்றதும் சிரித்தாள் பார், எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பிறகு நிதானமாகச் சொன்னாள். பூமிக்குக் கீழ்ப்பாதியில் இருக்கிறவர்களுக்குச் சூரியன் வடக்கு வானத்தில் போகுமாம், நமக்குத் தெற்கில் சாய்ந்து போகுமாம். சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரும்வரை நடுப்பகலில் நம் தலையைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போகும், ஆனாலும் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கே பார்த்து, ரொம்ப நிமிராமல் லேசாகச் சாய்த்து வைப்பதுதான் நமக்கு லாபம் என்றாள். உங்க புள்ளை அவங்க ஊருக்கு சரியாத்தான் சொல்லிக்கிறாரு என்று உன்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. உச்சி வெயிலில் என்னை இழுத்துக்கொண்டு போய் மாடியில் நிறுத்தி, நிழல் எந்தப் பக்கம் விழுது பாருங்கம்மா, அதுக்கு எதிர்ப்பக்கம் தகடு பாக்கணும் என்றாள். பார்த்தேன். ஏகாம்பரநாதர் ராஜகோபுரமும் தெற்கே பார்த்துத்தானே நிற்கிறது, தினமும் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

அவள் காட்டிய நிழல் எதன் நிழல் தெரியுமா? தெற்கு ஓரத்துப் பில்லர் கம்பிகளின் நிழல். உனக்கு மேல்வீடு கட்டுவதற்கென்று வீடு கட்டும்போதே நான் மாடியில் நீட்டிவிட்ட கம்பிகள். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் துரு ஏறாமல் சிமெண்ட் பால் பூசுவேன், அப்பா அதில் கொடி கட்டித் துண்டு காயப்போடுவார். ஒல்லி நிழல்தான், ஆனால் அது ஒரு தகட்டில் விழுந்தாலும் அந்த வரிசையே சுணங்கிவிடும் என்றாள், பாவில் ஒரு இழை அறுந்தால் தறி நின்றுவிடுகிற மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன். கம்பியை அறுக்கணும், இல்லாட்டி தகட்டைப் பின்னால் தள்ளிப் பாதியோட நிறுத்திக்கணும், போட்டா இருபத்தஞ்சு வருஷத்துக்கு அசைக்கக் கூடாது, யோசிச்சு சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க மாடியிலேயே இருந்தேன். அந்தக் கம்பிகளுக்கு நடுவில் எத்தனை மத்தியானம் ஒரு வீட்டை நடமாட விட்டிருக்கிறேன் தெரியுமாப்பா. இங்கே உன் கட்டில், அங்கே காயத்ரியின் அலமாரி, வடக்கே ஒரு ஜன்னல், அதில் கோபுரம். காற்று அடித்தால் சுவரில்லாத அந்த வீட்டில் திரைச்சீலை ஆடுகிற மாதிரியே இருக்கும். அப்படி உட்கார்ந்துகொண்டு நீ அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உன் அம்மா வியாபாரிடா. வாடகை வீடு என்றுதானே இத்தனை நாள் சொன்னாய், வாடகை வீட்டுக் கூரையில் யாராவது சொந்தக் காசைப் போட்டுத் தகடு பதிப்பானா? போட்டிருக்கோம் என்று வேறு வாய்தவறிச் சொன்னாய். வீடு வாங்கிவிட்டாய், அம்மாவிடம் எப்படிச் சொல்வது, கம்பியை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று பயந்து, அடுத்த வருஷம் வந்துடுவோம்மா என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

கோபம் இல்லை. முதலில் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் கொத்தனார் வேலாயுதத்தைக் கூப்பிட்டுக் கம்பியை அறுக்கச் சொன்னேன். கொஞ்சம் விட்டு வைக்கட்டுமாம்மா, நாளைக்கு தம்பி வந்தா வெல்டிங் வச்சிக்கலாம் என்றான். அப்பா என் முகத்தைப் பார்த்தார். தளத்தோடு அறுத்துவிடு என்றேன். அப்பா கொடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஜீவிதா வந்து தகட்டைப் பதித்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவரே ஒரு வாளித் தண்ணீரோடு ஏறி வந்து புதுத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், முழங்கால் வலியாவது ஒன்றாவது.

இனி நீ வருகிறபோது வா, இருக்கிறவரை இரு, கீழே உன் அறை அப்படியே இருக்கிறது. வந்துடுவோம் என்று மட்டும் சொல்லாதே. உன் கூரை வடக்கே பார்க்கிறது, என் மாடி தெற்கே பார்க்கிறது. மத்தியானத் தூக்கத்தில் இரண்டும் கடலுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. வெயில் முதலில் உன்னிடம் போய், உன் வீட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் இங்கே வருகிறது. காலையில் தகட்டில் அது ஏறும்போது, என் பிள்ளை எழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் சொந்த வீட்டில் நிறைந்து வாழ வேண்டும். அந்த வீட்டில் பால் காய்ச்சினாயோ இல்லையோ, காய்ச்சாவிட்டால் நல்ல நாள் பார்த்துக் காய்ச்சு. அன்றைக்குக் காயத்ரி கட்டிக்கொள்ள ஒரு அரக்குப் புடவை அனுப்புகிறேன், வடக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்து எடுத்ததுதான். வீட்டுக்குள் எடுத்த படம் அனுப்ப மறக்காதே, கூரையை மட்டும் காட்டி ஏமாற்றாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கை. வடிவாம்பாள்