புளி தெரியாத நாக்கு

20 ஜனவரி 2025
கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மூட்டை தூக்கினவன் மாதிரி மூச்சு வாங்குகிறது. பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனால்கூட வழியில் ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. ரத்தம் குறைவாம். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கணுமாம்.

நாக்கு விஷயத்தை டாக்டரிடம் சொல்லவில்லை. ஓணத்திலிருந்து புளி புளிக்கவில்லை. பூதப்பாண்டியிலிருந்து வந்து சாக்கு சுமந்தவனை முதலாளி ஆக்கினது இந்த நாக்கு. புளி வியாபாரிக்கு ருசி போச்சு என்று தெரிந்தால் எவன் சரக்கெடுப்பான்?

27 ஜனவரி
குழாய் விட்டார்கள். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் மனைவி கிருஷ்ணவேணியிடம் வயிற்றில் கேஸ் என்று சொன்னேன். "கேஸுக்கா அரைநாளு ஆஸ்பத்திரியில இருந்தீங்க?" என்றாள்.

4 பிப்ரவரி
டாக்டர் ஸ்வப்னா ரிசல்ட்டை இரண்டு தரம் படித்தார். வயிற்றில் அபூர்வமாக வருகிற ஜாதியாம். நியூரோ எண்டோகிரைன் — பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன். கேன்சரா என்று நேராகவே கேட்டேன். "ஆ குடும்பந்தான். பக்ஷே, மெல்ல நடக்கிற ஆளு. பேடிக்க வேண்டா." பயப்பட வேண்டாமாம். குழாய் வழியாகவே அறுத்தெடுக்கப் பார்ப்பாராம். ஆழமாகப் போயிருந்தால் வயிற்றைக் கிழிக்கத்தான் வேண்டும்.

கிருஷ்ணவேணியிடம் சொன்னேன். அழவில்லை. "மொதல்லயே சொன்னா வாய் வலிச்சிருமோ?"

11 பிப்ரவரி
என்ன மடத்தனம். கட்டி எடுக்க இன்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். சாவி கொடுக்கக் கடையில் இறங்கினேன். புது லோடு வந்து நிற்கிறது. இருபது வருஷமாக என்னோடு இருக்கிற திரவியம் மூட்டையைப் பிரித்தான். கை தானாகப் போய் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டது. முழுங்கின பிறகுதான் —

"ஒண்ணும் கழிச்சில்லல்லோ?" என்றார் டாக்டர், எதுவும் சாப்பிடவில்லையே என்று. மறைக்கவில்லை.

"புளியோ?" பேனாவைக் கீழே வைத்தார். "ருசி எப்படி?"

கேலிக்குத்தான் கேட்டார். எனக்கு என்ன ஆச்சோ. "தெரியல டாக்டர். அஞ்சு மாசமா ஒரு எழவும் தெரியல."

நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். வழவழவென்று இருக்கிறதாம். "இது ஆத்யமே, முதல்லயே சொல்லக் கூடாதா?" வயிற்றின் உள்சுவர் தேய்ந்து, ஏதோ ஒரு வைட்டமின் உடம்பில் சேர்வதில்லையாம். அசதி, நாக்கு, கட்டி எல்லாவற்றுக்கும் மூலம் அந்தத் தேய்மானம்தான். ஊசி தொடங்கியாயிற்று. கட்டி எடுப்பது அடுத்த வாரம்.

18 பிப்ரவரி
எடுத்தாயிற்று. கிழிக்கவில்லை. தொண்டை எரிகிறது. காலையில் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிருஷ்ணவேணி காரில் ஏற்றினாள், புளி இருக்கிறதா என்று.

1 மார்ச்
ஓரமெல்லாம் சுத்தம், மிச்சமில்லை என்று ரிப்போர்ட். ஆனால் தேய்ந்த வயிறு தேய்ந்ததுதான், மறுபடி முளைக்கலாம். வருஷா வருஷம் குழாய். ஊசி ஆயுசுக்கும். சரி. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

13 மார்ச்
ஆற்றுக்கால் பொங்காலை. ஊரெல்லாம் பொங்கல் அடுப்புப் புகை. நாக்கில் இன்னும் ஒன்றும் இல்லை.

12 ஏப்ரல்
மத்தியானம் ரசம் புளித்தது. இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தேன். சாயந்திரம் நேரே கடைக் குடோனுக்குப் போனேன். பின்சுவரோடு பன்னிரண்டு மூட்டை. கார்த்திகையில் நானே ருசி பார்த்து எடுத்த சரக்கு. ஒரு துணுக்கு போட்டேன். வாங்கும்போதே பழசு, பூஞ்சை வாடை. துப்பிவிட்டேன்.

"இது ஏன் இன்னும் இங்க கெடக்கு?"

திரவியம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். "யாருக்கும் குடுக்கல்ல அண்ணாச்சி. ஓணத்துக்கப்புறம் நீங்க எடுத்ததெல்லாம் நான் ஒருக்கா வாயில போட்டுப் பாத்துட்டுதான் வெளிய விட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க சொன்னீங்களா?"

திங்கட்கிழமை நத்தத்திலிருந்து புளி லாரி வருகிறது. முதல் துணுக்கை நீ போட்டுப் பார், அப்புறம் நான் என்றேன்.