பார்க்காத காருக்குக் காணிக்கை

அக்தாவ்
9 நவம்பர்

அன்புள்ள எஸ்போலாத் அண்ணாவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் ஜானாஓசென் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தையாவது பிரித்துப் படி.

போன வாரம் நீயும் அண்ணியும் என் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் என் மின்சாரக் கார் நிற்கிறது என்று அண்ணி சொன்னதும், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைத் தடவியபடி உள்ளே போனாய். டீ குடித்துவிட்டு அப்படியே வெளியேறினாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நம் வழக்கப்படி, புதுப் பொருளை முதன்முதலாகப் பார்க்கிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது, கோரிம்திக் என்று ஒரு காணிக்கை வைத்து வாழ்த்த வேண்டும். நீ காணிக்கைக்கு அஞ்சுகிறவன் இல்லை. வாழ்த்தத்தான் உனக்கு வாய் வரவில்லை.

உன் மகன் அஸ்கத்தின் கல்யாணத்துக்கு இந்தக் காரில்தான் வருவேன்.

உன் தங்கை,
நூர்சுலு


ஜானாஓசென்
17 நவம்பர்

அன்புத் தங்கை நூர்சுலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி கொடுத்த குதிரைக்கறியை டிரைவரிடம் வாங்கிக்கொள்.

நான் பார்க்காத காரைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. இருந்தாலும் கேட்கிறேன். காலடியில் எண்ணெய் ஊறும் ஊரில், பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் ஊரில், எவன் பிளக்கைத் தேடி அலைவான்? உனக்கும் எனக்கும் நடுவில் நூற்றைம்பது கிலோமீட்டர் வெட்டவெளி. வழியில் சார்ஜ் போட ஓர் இடம் உண்டா? குளிரில் பேட்டரி பாதிதான் உழைக்குமாம். பழுதுபார்க்க ஆளும் இல்லை. எண்ணெய் வயலில் என்னோடு ஷிஃப்டில் இருப்பவர்கள், "என்னப்பா எஸ்போலாத், உன் தங்கச்சியே நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடுறா?" என்கிறார்கள். அப்பா எண்ணெய்க் கிணற்றில் உழைத்த சம்பளத்தில்தான் நீ கணக்கு டீச்சர் ஆனாய்.

மாப்பிள்ளைக்கு நீ ஒரே அத்தை. ஜனவரியில் பெண்ணை அழைத்துவரும்போது நீதான் முன்னால் நிற்க வேண்டும். பஸ்ஸில் வா. அந்தக் காரில் வந்தால் என் வாசலில் நிறுத்தாதே.

உன் அண்ணன்,
எஸ்போலாத்


அக்தாவ்
21 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நாளைக்கே நீ கதையை மாற்றிச் சொல்வாய் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

கல்யாணத்துக்கு உன் ஊருக்கு வரும் வழியில், ஜெத்திபாய் ஊர் டீக்கடையில் ஒயர் போட்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு டீ குடித்தேன். நீ சொன்ன குறையெல்லாம் உண்மைதான். உன் வாசலில் நிறுத்தவில்லை. எதிர்வீட்டு ரௌஷான் அக்காவின் சமையலறை ஜன்னல் வழியே ஒயர் இழுத்து சார்ஜ் போட்டேன்.

மறுநாள் காலை உறைகுளிர். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பெண் வீட்டில் பத்து மணிக்கு நமக்காகக் காத்திருக்கிறார்கள். உன் பெரிய வண்டி அசையவில்லை. முப்பது வருடம் எண்ணெய் வயலில் இருந்தவன், பீப்பாயில் மிச்சமிருந்த கோடைக்கால டீசலை ஊற்றியிருந்தாய். அது கொழுப்பாக உறைந்துவிட்டது. உன் பீப்பாயிலிருந்தே நிரப்பிய மற்ற இரண்டு வண்டிகளுக்கும் அதே கதி.

அஸ்கத் கல்யாண உடுப்போடு பனியில் நின்று, "பொண்ணு வீட்ல என்ன நினைப்பாங்கப்பா?" என்றான்.

நீ என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்: "உன்னோடது கிளம்புமா?"

"நீ பாக்காத வண்டி எப்படிண்ணா கிளம்பும்?"

"சரி, பாத்துத் தொலைக்கிறேன். எடு."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் இறங்கினோம். சம்பந்தி வீட்டார் நம் தலைமேல் மிட்டாய் தூவினார்கள். அப்போது நீ குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல என் காரைத் தட்டிக்கொடுத்தாய். நான் பார்த்துவிட்டேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

பார்த்தாய், ஏறியும் உட்கார்ந்தாய். என் காணிக்கை எங்கே?

உன் தங்கை,
நூர்சுலு


ஜானாஓசென்
6 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

டீசல் விஷயம் எண்ணெய் வயல் முழுக்கத் தெரிந்துவிட்டது. "எஸ்போலாத், வண்டிக்குக் கம்பளி போத்துனியா?" என்று தினமும் கேட்கிறார்கள்.

எண்ணெய்தான் நமக்குச் சோறு. அதில் மாற்றமில்லை. ஆனால் என் தங்கையின் கார் எதிர்வீட்டில் நின்றதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் வாசல் சுவரில் கனத்த ஒயர் இழுத்து, பிளக் பாயிண்ட் போட்டு, பனி விழாமல் மேலே தகரமும் அடித்திருக்கிறேன். அதுதான் உன் கோரிம்திக்.

நேற்று யாரோ ஒருவர் வந்து, "இங்க சார்ஜ் போடலாமாமே?" என்றார். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். அவர் காரையும் பார்த்துத் தொலைத்துவிட்டதால், காணிக்கையாகக் கால் கிலோ குதிரைக்கறி போயிற்று.

சீக்கிரம் வா. என் வாசலில் நிறுத்து.

உன் அண்ணன்,
எஸ்போலாத்