ஆபரேஷன் நாளில் நஸ்ரீன் வைத்த நோன்பு

என் உசுரான நஸ்ரீனோட அத்தாவுக்கு ஸலாம்.

நீங்க இருந்தப்பவே உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல, மவுத்தான பிறகா சொல்லப்போறேன்? உத்திரமேரூர் அப்படியேதான் கீது. பக்கத்துக் கடைக்காரர் எஸ்.டி.டி. பூத் வச்சுட்டாரு. நம்ம ஃபேன்சி ஸ்டோரை நான்தான் பார்த்துக்கிறேன். மானாம்பதிப் பொம்பளைங்க இன்னும் வளையலுக்குப் பேரம் பேசறாங்க. உங்களை மாதிரி இளிச்சவாயா நான் குறைச்சுக் குடுக்கிறதில்ல.

ஒரு சேதி. பயந்துடாதீங்க, முடிஞ்சுபோன சேதிதான்.

நம்ம பொண்ணு நஸ்ரீன் கழுத்து கொஞ்ச நாளா பூசினாப்ல இருந்துச்சு. ஈரல் கோளாறால வயிறு காலியானா சர்க்கரை எறங்கி மயங்கி வுழற புள்ள, அதுக்காகப் பச்சைச் சோள மாவைத் தண்ணியில கலக்கி வேளா வேளைக்குக் குடுத்துக்கினே இருக்கோம். அந்த மாவுதான் ஒடம்புல ஒட்டுதுன்னு சந்தோஷப்பட்டோம். எதிர்வூட்டு சரசக்கா திருஷ்டிகூட சுத்திப் போட்டாங்க. வழக்கம்போல ஈரலைக் காட்ட மெட்ராஸ் போனப்ப டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, டெஸ்ட் எல்லாம் எடுத்து, தைராய்டுல புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. சொந்தத்துல கட்டிக்கிட்ட நம்ம ரெண்டு பேர் ரத்தத்துலேர்ந்தும் வந்த அந்தப் பழைய நோய் பத்தாதா? அன்னிக்கு உங்க மேல அவ்வளவு கோவம் வந்துச்சு, என்னைத் தனியா வுட்டுட்டுப் போனீங்களேன்னு.

ஆபரேஷன் ரம்ஜான் மாசத்துல வந்து அமைஞ்சுது. வெறும் வயித்தோட இருக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க. கட்டி அப்புறம், பசியே இவளைக் கொண்டுபோயிடுமேன்னு வார்டுல சண்டை போட்டேன். டாக்டரம்மா கோவிச்சுக்கல. முன்னாடியே சர்க்கரை ட்ரிப் ஏத்தி, விரல்ல குத்திக் குத்திப் பார்த்து, காலையில முதல் ஆளா உள்ள எடுத்துக்கிறோம்னாங்க.

உங்க பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா? உங்க தம்பி புள்ளைங்க முதல் நோன்பு வச்சப்ப மாலை போட்டுக் கொண்டாடினதைப் பார்த்து எப்படி அழுதா! உனக்கெல்லாம் நோன்புலேர்ந்து மாப்பு உண்டும்மான்னு நீங்கதானே சமாதானம் சொன்னீங்க? ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினு டாக்டரம்மாகிட்ட சொல்றா:

"இன்னிக்கு நானும் நோன்புதான் டாக்டர். அம்மா தடுக்க முடியாது."

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க.

கட்டியை முழுசா எடுத்தாச்சு. சாயங்காலம் கொஞ்சம் குடிக்கலாம்னாங்க, மாவுத்தண்ணி கலக்கினேன். வாயை இறுக்க மூடிக்கினா, பள்ளிவாசல்ல பாங்கு சொல்லட்டும்னு கையைக் காட்டினா. ட்ரிப்புதான் ஓடிக்கினு இருக்கேன்னு நானும் வுட்டுட்டேன். பாங்கு கேட்டதும் ரெண்டு பேரும் ஒரே டம்ளர்ல நோன்பு திறந்தோம். அந்தத் தண்ணியை நான் வாயில வச்சது அன்னிக்குத்தான். சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷம் முகம் சுளிக்காம எப்படிக் குடிச்சாளோ, தெரியல.

இனிமே தினம் ஒரு மாத்திரை, அப்பப்ப செக்கப். கழுத்துல கட்டு இருந்ததால பெருநாளைக்கு மாலையைக் கையில சுத்திவுட்டேன். ஊரெல்லாம் நீட்டிக் காட்டினா.

ட்ரிப்புல சர்க்கரை ஏறினா நோன்பு கூடுமான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட நான் கேட்கல. கேட்டா அவர் உண்மையைச் சொல்லிடுவாரு. இங்க இவ வயித்தை நான் ஒருநாளும் காயவுட மாட்டேன், இது சத்தியம். அங்க நீங்க படைச்சவன் பக்கத்துல கீறீங்க. இந்த ஒரு நோன்பை மட்டும் எப்படியாவது சொல்லி இவ கணக்குல எழுத வச்சுடுங்க.

உங்க மாமா மகள்,
நஸ்ரீனோட அம்மா
ஜமீலா